கியோட்டோவுல ஆறாயிரம், அம்மா மண்டபத்துல முந்நூத்தி முப்பத்திமூணு: ஆத்தங்கரைச் சாப்பாட்டுக்கு லோன் போடலாமா?

பர்சனல் லோன் பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவைப் பார்த்துட்டு ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். நம்ம ஊர்க்காரர், எடமலைப்பட்டி புதூர். சென்னையில வேலை, வயசு 27, கைக்கு வர்ற சம்பளம் 52,000. கேள்வி இதுதான்: "அண்ணா, ஜப்பான் போகணும். கியோட்டோவுல ஆத்து மேல மேடை போட்டு, விளக்கு வெச்சு, சாப்பாடு போடுவாங்களாம். ரீல்ஸ்ல பார்த்ததுலேர்ந்து தூக்கம் வரல. 2 லட்சம் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு. 14 சதவீதம், 24 மாசம். போடலாமா?"

"போடாதீங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா ஆத்தங்கரையில உக்காந்து சாப்பிடணுங்கறது கேவலமான ஆசை ஒண்ணும் இல்ல. அந்தத் தம்பி பொறந்த ஊர்லேர்ந்து பதினோரு, பன்னெண்டு கிலோமீட்டர் போனா அம்மா மண்டபம் படித்துறை. நாம தலைமுறை தலைமுறையா ஆத்தங்கரையில சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டவங்கதான். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். என் கருத்து எல்லாருக்கும் பிடிக்கணும்னு இல்ல. கணக்கை மட்டும் ஒருதடவை போட்டுப் பாருங்க.

முதல்ல, அவர் எதுக்கு ஆசைப்படறார்?

கியோட்டோ நகரத்து நடுவுல காமோன்னு ஒரு ஆறு ஓடுது. அதோட மேற்குக் கரையில, நிஜோ பாலத்துலேர்ந்து கோஜோ பாலம் வரைக்கும், மே மாசம் வந்தா உணவகங்கள் பின்பக்கமா மரமேடை கட்டும். அக்டோபர் வரைக்கும் இருக்கும், அப்புறம் பிரிச்சுடுவாங்க. அடுத்த மே மாசம் மறுபடி கட்டுவாங்க. இதுக்குப் பேர் 'யுகா'. கியோட்டோ மூணு பக்கமும் மலை சூழ்ந்த ஊர், கோடையில புழுங்கித் தள்ளிடும். ஏசி இல்லாத காலத்துல ஆத்துக் காத்து வாங்கறதுக்காக வந்த ஏற்பாடு இது. எடோ காலத்துலேயே ஆத்து மணல்ல பெஞ்சு போட்டு வியாபாரம் நடந்திருக்கு. 1935-ல வந்த பெருவெள்ளம் மேடைகளை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறமும் கட்டினாங்க.

நகரத்துக்கு வடக்கே மலைக்குள்ள கிபுனேன்னு ஒரு ஊர். அங்க மேடை ஓடைக்கு நேர் மேல, கைக்கெட்டற உயரத்துல இருக்கும். அங்க இதை 'கவாதோகோ'ன்னு சொல்வாங்க. ரீல்ஸ்ல கால் கீழேயே தண்ணி ஓடற மாதிரி வர்றது பெரும்பாலும் கிபுனேதான்.

இனி விலை. ராத்திரி முழுச் சாப்பாடு, அதாவது ஒண்ணு ஒண்ணா பரிமாறற 'கைசெகி', ஒரு ஆளுக்கு பத்தாயிரம் யென் ஆகறது ரொம்ப சாதாரணம். பெரிய இடம்னா அதுக்கு மேலயும் போகும். 1 யென் 60 பைசான்னு வெச்சுக்கிட்டா 6,000 ரூபாய். சில இடத்துல மேடையில உக்கார்றதுக்கே தனிக் கட்டணம் உண்டு. மழை வந்தா உள்ளே உக்கார வெச்சுடுவாங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வெயில் காரணமா காமோ கரையில பெரும்பாலும் மதியச் சாப்பாடு கிடையாது, ராத்திரிதான். இன்னொண்ணு, நீங்க சைவம்னா முன்னாடியே விசாரிச்சுடுங்க. பார்க்க வெறும் காய்கறி மாதிரி இருக்கும், ஆனா ரசம் மாதிரி ஊத்தற 'தாஷி'யில காய்ஞ்ச மீன் சேர்ந்திருக்கும்.

ரீல்ஸ்ல சொல்லாத ரெண்டு விஷயத்தையும் சொல்லிடறேன். ஒண்ணு, சான்ஜோ பாலத்துப் பக்கத்துல இருக்கற ஸ்டார்பக்ஸ் கடையும் கோடையில இதே மாதிரி மேடை போடுது. ஐந்நூறு, அறுநூறு யென் காபிக்கு அதே ஆறு, அதே காத்து. ரெண்டாவது, அந்த மேடைகளுக்குக் கீழே இருக்கற ஆத்தங்கரை எல்லாருக்கும் பொது. சாயங்காலமானா உள்ளூர் ஜோடிங்க, காலேஜ் பசங்க எல்லாரும் கரையோரமா அளந்து வெச்ச மாதிரி சம இடைவெளி விட்டு உக்காந்திருப்பாங்க. அந்த இடைவெளி அங்க ரொம்பப் பிரபலம். பக்கத்துக் கடையில ஒரு பெட்டிச் சாப்பாடு வாங்கிட்டு உக்காந்தா ஆத்தங்கரைக்கு ஒரு யென் கூட வேண்டாம். சாப்பாட்டைப் பருந்து கொத்திட்டுப் போகாம மட்டும் பார்த்துக்கணும்.

அதாவது கியோட்டோவுலேயே ஆறு இலவசம்தான். 6,000 ரூபாய் அந்த மேடைக்கும், சமையலுக்கும், பரிமாறலுக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

லோன் கணக்கு

2 லட்சம், 14 சதவீதம், 24 மாசம். இஎம்ஐ ஏறக்குறைய 9,600 ரூபாய். மொத்தம் கட்டறது 2,30,000-க்குக் கொஞ்சம் மேல. வட்டி மட்டும் 30,000 தாண்டுது. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு வெச்சா இன்னொரு 4,720. ஆக, அந்த ஆசையை இன்னைக்கே அனுபவிக்கறதுக்கான விலை சுமார் 35,000 ரூபாய். ஆறு ராத்திரி ஆத்து மேல உக்காந்து சாப்பிடற காசை, சாப்பிடாமலே குடுக்கறோம்.

தம்பியோட மாசக் கணக்கையும் அவரே எழுதியிருந்தார். ரூம் வாடகைப் பங்கு 11,000. வீட்டுக்கு அனுப்பறது 12,000. சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்த்து 12,000. பைக் இஎம்ஐ 4,200. மிச்சம் 12,800. இதுல 9,600 போனா கையில 3,200. ரெண்டு வருஷத்துக்கு மாசம் 3,200-ல வண்டி ரிப்பேர், பல்வலி, நண்பன் கல்யாணம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எல்லாம் அடங்கணும். அடங்காது. அடங்காதப்போ கிரெடிட் கார்டு வெளியில வரும். அதுல பாக்கி வெச்சா மாசம் மூணரை சதவீதம், சில கார்டுல அதுக்கு மேலயும் வட்டி. வருஷத்துக்கு 42, இல்ல அதுக்கும் மேல.

இதையே திருப்பிப் போடுங்க. பேங்க்ல 6.5 சதவீதத்துல 24 மாசத்துக்கு ஆர்டி. மாசம் 7,800 போட்டா முடிவுல 2 லட்சம் கைக்கு வருது. உங்க பாக்கெட்லேர்ந்து போறது 1,87,200 மட்டும். லோன்ல போனா 2,30,000-க்கு மேல. பிராசஸிங் ஃபீஸை விட்டாலே 43,000 ரூபாய் வித்தியாசம். அதோட முக்கியமானது, ஆர்டியில ஒரு மாசம் தவறினா சின்ன அபராதம். இஎம்ஐ தவறினா பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோர்ல அடி, ரெக்கவரி போன்.

இதைச் சொன்னதும் தம்பி பதில் போட்டார்: "ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ஆசையே இருக்காதுண்ணா."

நியாயமான பேச்சு. ஆனா ஆசை ரெண்டு வருஷம் தாங்காதுன்னு உங்களுக்கே தெரியுது. இஎம்ஐ ரெண்டு வருஷம் தாங்கும். ஆசை போன பிறகும் மாசாமாசம் அஞ்சாம் தேதி 9,600 போய்க்கிட்டே இருக்கும். ஆர்டி போட்டு ஆசை போயிட்டா, கையில 2 லட்சம் இருக்கும். வேற ஆசைக்கு வெச்சுக்கலாம்.

நான் பண்ணின தப்பு

இதை நான் மேடையில நின்னு உபதேசம் பண்ணல. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் நானும் இதைத்தான் செஞ்சேன். ஊர் வேற, பேக்கேஜ் வேற. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு சொன்னாங்க. வட்டி இல்லையேன்னு கையெழுத்துப் போட்டேன். வட்டியை டிஸ்கவுண்ட்டா கழிச்சுட்டு, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும், ஃபீஸும் தனியா பிடிச்சாங்க. அது பெரிய தொகை இல்ல. பெரிய விஷயம் வேற.

அந்த வருஷம் ஜூலை கடைசியில அம்மா போன் பண்ணினாங்க. "ஆடி பதினெட்டுக்கு வர்றியாப்பா? அத்தை, சித்தி எல்லாம் வர்றாங்க." ஆபீஸ்ல லீவு இருந்துது. ஆனா அஞ்சாம் தேதி இஎம்ஐக்குப் பணம் நிக்கணும். சென்னையிலேர்ந்து திருச்சிக்குப் போய்வர பஸ் செலவு, வீட்டுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போற செலவு, அத்தை பசங்க கையில குடுக்க வேண்டிய நூறு, இருநூறு. எல்லாம் சேர்த்து ஒரு மூவாயிரம். அந்த மூவாயிரம் இல்ல. "லீவு கிடைக்கலம்மா"ன்னு சொல்லிட்டேன். "சரிப்பா, வேலைதான் முக்கியம்"னு வெச்சுட்டாங்க.

மாசம் நாப்பதாயிரம் சம்பாதிக்கற பையன், மூவாயிரம் இல்லாததுக்காக அம்மாகிட்ட பொய் சொன்னேன். வெளிநாட்டு ஆத்துல நின்னு எடுத்த போட்டோ அப்பவும் என் வாட்ஸ்அப் டிபியில இருந்துது. கடனோட உண்மையான விலை பேங்க் ஸ்டேட்மென்ட்ல வராது. அது இந்த மாதிரி போன் கால்ல வரும்.

நம்ம ஊர் 'யுகா'

சித்திரை, வைகாசியில திருச்சியில காவிரிக் கரைக்குப் போனா மணல்தான் பார்க்கலாம். நமக்குத் தண்ணி மேட்டூர் திறந்தாத்தான். வழக்கமான தேதி ஜூன் 12. அணையில தண்ணி இல்லாத வருஷம் தள்ளிப்போகும். 2024-ல ஜூலை 28-ந் தேதிதான் திறந்தாங்க. திறந்த கொஞ்ச நாள்லயே வெள்ளம் வந்து ஆத்துல இறங்கிக் குளிக்க விடல. தண்ணியே வராத வருஷங்கள்ல அம்மா மண்டபத்துல ஷவர் கட்டிக் குளிச்சதும் உண்டு.

தண்ணி வந்தா, ஆகஸ்ட் 2 இல்லன்னா 3-ந் தேதி ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில நிக்க இடம் இருக்காது. மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, காப்பரிசி, வாழையிலையில விளக்கு. புதுசா கல்யாணமானவங்க கல்யாண மாலையை ஆத்துல விடுவாங்க. பொம்பளைங்க மஞ்சள் கயிறு கட்டிக்குவாங்க. பொடிசுங்க சப்பரம் இழுத்துக்கிட்டு ஓடும். ஸ்ரீரங்கத்துலேர்ந்து நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவிரித்தாய்க்குச் சீர் குடுக்கறதும் ஆடி மாச வழக்கம். அப்புறம் மணல்லயோ, படியிலயோ, தோப்பு நிழல்லயோ ஒரு துண்டை விரிச்சு உக்காந்தா, தூக்குவாளி திறக்கும். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், கடைசியில தயிர்சாதம். தொட்டுக்க வடாம், மாங்காய் ஊறுகாய். ஆடிக் காத்துல இலை பறக்கும், ஒரு கை இலையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சாப்பிடணும்.

ஒரு தடவை எங்க வீட்டுல ஆறு பேர் போனோம். கணக்கு எழுதி வெச்சிருக்கேன்:

- அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், தேங்காய், வெல்லம், பால், தயிர்: 900
- பூ, பழம், மஞ்சள், வெத்தலை பாக்கு, மத்த பூஜைச் சாமான்: 400
- எ.புதூர்லேர்ந்து ஆட்டோ, போகவர: 700

மொத்தம் 2,000. ஒரு ஆளுக்கு 333 ரூபாய். டவுன் பஸ்ல போயிருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும். 2021 மே மாசத்துலேர்ந்து சாதா டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்ல. அம்மா, அத்தை, சித்திக்கு அது மிச்சம்.

6,000-ஐ 333-ஆல வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட 18 வரும். கியோட்டோ மேடையில ஒருத்தர் ஒரு ராத்திரி சாப்பிடற காசுல ஒருத்தர் பதினெட்டு ஆடி பதினெட்டு சாப்பிடலாம். இதை நான் திட்டம் போட்டுப் பண்ணல, கணக்கு அப்படி வந்துடுச்சு.

ஆனா அந்த 333 பொய்க் கணக்கு

இங்கேயே நிறுத்தினா, "பாருங்க, நம்ம பாரம்பரியம் எவ்வளவு சிக்கனம்"னு ஒரு ஷார்ட்ஸ் போட்டுடலாம். லைக்கும் வரும். ஆனா அது நேர்மையான கணக்கு இல்ல. பைனான்ஸ் பேசற நாம, பில்லுல இல்லாத செலவைப் பார்க்கத் தெரிஞ்சிருக்கணும்.

முதல் நாள் ராத்திரி அம்மா புளிக்காய்ச்சல் கிண்டி வெச்சாங்க. ஒன்றரை மணி நேரம். காலையில மூணரைக்கு எழுந்து எட்டு மணி வரைக்கும் அடுப்படி. திரும்பி வந்து பாத்திரம் ஒரு மணி நேரம். ஏழு மணி நேர வேலை. எங்க கணக்குல அது 0 ரூபாய். கியோட்டோவுல சமையல்காரருக்குச் சம்பளம் இருக்கு, பரிமாறறவங்களுக்குச் சம்பளம் இருக்கு, மேடை கட்டற தச்சருக்குக் கூலி இருக்கு. அதெல்லாம் சேர்ந்துதான் 6,000. நம்ம படித்துறையில அத்தனையும் ஒரே ஆள் தலையில. அந்த ஆள் பில் போடறதில்ல.

ஒகேனக்கல் போனவங்களுக்குத் தெரியும். நாம மீனை வாங்கிக் குடுத்தா, அங்கேயே இருக்கற சமையல்கார அக்கா மசாலா அரைச்சு, வறுத்து, குழம்பு வெச்சுத் தருவாங்க. அதுக்கு ஒரு கூலி பேசிக் குடுக்கறோம். யாரும் "ஆத்தங்கரைச் சோறுக்கு எதுக்குக் காசு"ன்னு கேக்கறதில்ல. அதே வேலையை அம்மா செஞ்சா மட்டும் ஏன் அது இலவசம்?

இன்னொரு பில்லும் இருக்கு. ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுநாள் காலையில படித்துறையைப் பாருங்க. பாலித்தீன் கவர், பேப்பர் தட்டு, பழைய துணி, சாமி படம். அதையெல்லாம் அள்ளறது மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். நாம மிச்சம் பிடிச்ச காசு அவங்க முதுகுல ஏறியிருக்கு.

மூணாவது பில் நம்ம தெருவுக்கே வருது. எ.புதூர்க்காரங்களே, நமக்கும் ஒரு ஆறு இருக்கு, ஞாபகம் இருக்கா? கோரையாறு. குடமுருட்டியில சேர்ந்து காவிரிக்குப் போற ஆறு. அதோட கரையில துண்டு விரிச்சு உக்காந்து யாராவது சாப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா? மூக்கைப் பொத்திக்கிட்டு பாலத்தைத் தாண்டுவோம். பெருமழை பேஞ்சு தண்ணி வீட்டுப் பக்கம் வந்தா மட்டும் அதோட பேர் ஞாபகம் வரும். பஞ்சப்பூர்ல 2025-ல புது பஸ் நிலையம் வந்த பிறகு நம்ம பக்கம் மனை விலையைப் பத்திப் பேசாத வாய் இல்ல. ஒரு கிரவுண்ட் என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியுது. பக்கத்துல ஓடற ஆத்துக்கு விலை போட மட்டும் யாருக்கும் தோணல.

காமோ ஆறும் எப்பவும் இப்படி இருந்ததில்ல. கியோட்டோ பட்டுக்குப் பேர்போன ஊர். சாயம் போட்ட துணியை ஆத்துல அலசின காலம் உண்டு. தண்ணி கெட்டுப்போகுதுன்னு அதை நிறுத்தினாங்க. மேடை போடணும்னா அரசாங்க அனுமதி வாங்கணும், எப்படி இருக்கணும்னு விதிமுறை இருக்கு, சீசன் முடிஞ்சா பிரிச்சாகணும். ஆறு சுத்தமா இருந்தாத்தான் 6,000 ரூபாய் சாப்பாடு விக்கும்னு அந்தக் கடைக்காரங்களுக்குத் தெரியும். சுத்தமான ஆறு அவங்களுக்கு முதலீடு. நமக்கு அது இன்னும் சாக்கடைக்குப் போற வழி.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?

நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு. கியோட்டோ போங்க. உங்க வயசுல உலகம் பார்க்கறது வீண் செலவு இல்ல. ஆனா சேர்த்துட்டுப் போங்க. ஆர்டியோ, லிக்விட் ஃபண்டோ, தனி அக்கவுண்ட்டோ, எதுவா இருந்தாலும் அதுக்கு 'ஜப்பான்'னு பேர் வெச்சு, சம்பளம் வந்த அன்னைக்கே பணம் போற மாதிரி பண்ணிடுங்க. ரெண்டு வருஷக் காசுக்குப் பங்குச் சந்தைப் பக்கம் போக வேண்டாம். டிக்கெட் எடுக்கற மாசம் சந்தை விழுந்திருந்தா பயணமும் விழுந்துடும். அதுக்கு முன்னாடி மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா முதல்ல அது.

ரெண்டு. போன இடத்துல கணக்கா இருங்க. பல கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு மூணரை சதவீதம் வரைக்கும் மார்க்அப் போடுவாங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி. 60,000 ரூபாய் தேய்ச்சா சுமார் 2,500 சும்மா போகும். அது நம்ம வீட்டு ஆறு பேர் ஆடி பதினெட்டை விட அதிகம். மார்க்அப் இல்லாத கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு ரெண்டும் இருக்கு, ஒப்பிட்டுப் பாருங்க. மெஷின்ல "ரூபாய்ல பில் போடவா?"ன்னு கேட்டா, "யென்லயே போடுங்க"ன்னு சொல்லுங்க. ரூபாய்னு அழுத்தினா மாற்று விகிதத்துல தனியா ஒரு கை பார்த்துடுவாங்க. ஒரு ராத்திரி மேடையில முழுச் சாப்பாடு, மத்த ராத்திரி கரையில பெட்டிச் சாப்பாடு. அந்த ஊர்ப் பசங்களும் அப்படித்தானே உக்காந்திருக்காங்க.

மூணு. உள்ளூர் 'ரிவர் வியூ' பில்லையும் இதே கண்ணால பாருங்க. சாதாரண ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500-க்கு மேல வாங்கற பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்னா 18. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லிக் கேக்கலாம், வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பரிமாறின ஆளுக்கு உங்க கையால ஏதாவது குடுத்துட்டு வாங்க.

நாலு. ஆடி பதினெட்டுக்கு உங்க வருஷ பட்ஜெட்ல ஒரு வரி எழுதுங்க. தீபாவளிக்கு எழுதறோம், இதுக்கு எழுதறதில்ல. ஊருக்குப் போய்வர, சாமான், எல்லாம் சேர்த்து 5,000 வெச்சுக்கோங்க. மாசம் 417 ரூபாய். அதுலேயே ஒரு பங்கை அம்மாவோட ஏழு மணி நேரத்துக்கு ஒதுக்குங்க. காசாக் குடுத்தா வாங்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். நாலு வகைச் சாதத்துல ரெண்டை பக்கத்துல சமைச்சுக் குடுக்கற வீட்டுல ஆர்டர் பண்ணுங்க. மீதி ரெண்டுக்கு நீங்க தேங்காய் துருவுங்க, பாத்திரம் கழுவுங்க. போகும்போது ஒரு காலிப் பை எடுத்துட்டுப் போங்க, உங்க குப்பை உங்களோட திரும்பி வரட்டும்.

"கலவை சாதத்தை வெளியில வாங்கினா அது ஆடிப்பெருக்கா?"ன்னு யாராவது கேப்பாங்க. கேக்கறவங்க காலையில மூணரைக்கு எழுந்து கிண்டினா நான் மறுத்துப் பேசல. எங்க வீட்டுல போன தடவை புளிசாதமும், சர்க்கரைப் பொங்கலும் மட்டும் அம்மா. மத்தது வெளியில. செலவு ஆளுக்கு நூறு ரூபாய் கூடுச்சு. எனக்கு நினைவு தெரிஞ்சு முதல் தடவையா அம்மா படித்துறையில தூங்கி வழியாம உக்காந்து, இலையில இருந்ததைச் சூடா இருக்கும்போதே சாப்பிட்டாங்க. அந்த அறுநூறு ரூபாயை விட நல்ல ரிட்டர்ன் குடுத்த முதலீடு அந்த வருஷம் எனக்கு வேற இல்ல.

தம்பிக்கு நான் கடைசியா எழுதினது இதுதான். லோனைக் கேன்சல் பண்ணுங்க. 7,800-க்கு ஆர்டி போடுங்க. மிச்சம் இருக்கற 5,000-ல வர்ற ஆடிக்கு ஊருக்கு வந்துடுங்க. வீட்டுல கேட்டா லீவு இருக்குன்னு தைரியமா சொல்லுங்க.

பதில் வந்துது. "ஆர்டி போட்டுட்டேண்ணா. அம்மாகிட்ட கேட்டேன், நாலு இல்லையாம், எங்க வீட்டுல ஆறு வகைச் சாதமாம். எனக்குத் தேங்காய் துருவத் தெரியாது."

கத்துக்கலாம் தம்பி. அதுக்கு வட்டி இல்ல.

உங்க வீட்டு ஆடி பதினெட்டுக் கணக்கு என்ன? சாமான் செலவோட, சமைச்சவங்களோட மணி நேரத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. நல்ல கணக்குகளை வெச்சு அடுத்த வீடியோ பண்ணலாம்.